தாள் கூம்புகளைக் கொண்டு முற்றுத் திசைவேகத்தை அளப்பது எப்படி

ஒரே தாளிலிருந்து இரண்டு கூம்புகள் செய்து கொள்ளுங்கள். ஒன்று உள்ளங்கை அளவிலும் மற்றொன்று அதைப் போல இரண்டு மடங்கு அகலத்திலும் இருக்கட்டும். பெரிய கூம்பின் நிறை சிறியதைப் போல நான்கு மடங்கு. இரண்டையும் கூர்முனை கீழ்நோக்கி இருக்குமாறு ஒரே உயரத்திலிருந்து ஒரே நேரத்தில் விட்டால் எது முதலில் தரையைத் தொடும்? கனமானதுதான் முந்தும் என்பார் ஒருவர். அகலமானதைக் காற்று கூடுதலாகத் தடுக்கும், ஆகவே அது பிந்தும் என்பார் இன்னொருவர். இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகவே தரையிறங்கும். இந்த விடையை முன்கூட்டிச் சொல்லிவிட்டதால் சோதனையின் சுவை குறைந்துவிடாது என்றே நினைக்கிறேன். அது ஏன் அப்படி நிகழ்கிறது என்பதையும், அந்தக் கூம்புகள் எந்த வேகத்தில் இறங்குகின்றன என்பதையும், ஒரு தாள் கட்டு, ஒரு அளவு நாடா, ஒரு கைப்பேசி ஆகியவற்றை மட்டும் வைத்துக் கொண்டு நாமே அளந்து அறிவதுதான் இந்த வழிகாட்டியின் நோக்கம்.

முதலில் தேவையான அளவுக்கு மட்டும் கோட்பாடு. விழும் பொருளின் மீது புவி ஈர்ப்பு கீழ்நோக்கி ஒரே அளவில் இழுத்துக் கொண்டே இருக்கிறது. காற்றின் இழுவிசையோ பொருள் விரைந்து செல்லச் செல்ல வளர்கிறது. விடப்பட்ட கணத்தில் வேகம் சுழி, எனவே தடையும் சுழி. பொருள் முழு ஈர்ப்பு முடுக்கத்துடன் புறப்படுகிறது. வேகம் கூடக் கூடத் தடையும் கூடி, ஒரு கட்டத்தில் எடைக்கு நிகராகிவிடுகிறது. அதற்குப் பிறகு வேகம் கூடுவதற்குக் காரணம் எதுவும் மிச்சமில்லை. அந்த மாறாத வேகமே முற்றுத் திசைவேகம். அந்நிலையில் பொருளின் மீது விசையே இல்லை என்று சிலர் எழுதிவிடுகிறார்கள்; அது தவறு. இரண்டு விசைகளும் முழு அளவில் இருக்கின்றன, ஒன்றை ஒன்று ஈடுசெய்கின்றன, அவ்வளவுதான்.

நாம் கையாளப்போகும் அளவுள்ள பொருள்களுக்கு இழுவிசை வேகத்தின் வர்க்கத்திற்கு நேர்விகிதத்தில் இருக்கும். காற்றின் அடர்த்தி, பொருளின் இழுவைக் குணகம் (அதன் வடிவத்தைப் பொறுத்த ஓர் எண்), காற்றை எதிர்கொள்ளும் குறுக்குப் பரப்பு, வேகத்தின் வர்க்கம் ஆகிய நான்கையும் பெருக்கிப் பாதியாக்கினால் கிடைப்பது இழுவிசை. இதை எடைக்குச் சமமாக வைத்தால் நமக்கு வேண்டிய சூத்திரம் கிடைத்துவிடும்:

முற்றுத் திசைவேகத்தின் வர்க்கம் = (2 × நிறை × ஈர்ப்பு முடுக்கம்) ÷ (காற்றின் அடர்த்தி × இழுவைக் குணகம் × பரப்பு)

இதில் நிறையும் பரப்பும் தனித்தனியே நின்று எதையும் தீர்மானிப்பதில்லை; நிறையைப் பரப்பால் வகுத்து வரும் ஈவுதான் தீர்மானிக்கிறது. கூம்பைத் தாளிலிருந்து வெட்டும்போது அளவை இரட்டித்தால் நிறை நான்கு மடங்காகிறது, குறுக்குப் பரப்பும் நான்கு மடங்காகிறது, ஈவு அப்படியே நிற்கிறது. முதல் பத்தியில் சொன்ன விடைக்குக் காரணம் இதுவே.

ஏன் கூம்பு, ஏன் பந்து இல்லை

பந்தைக் கொண்டு இச்சோதனையைச் செய்யலாமே என்று பலருக்கும் தோன்றும். 58 கிராம் நிறையும் 6.7 செ.மீ விட்டமும் உள்ள ஒரு டென்னிஸ் பந்தின் முற்றுத் திசைவேகம் நொடிக்கு 23 மீட்டரை ஒட்டி வரும். அந்த வேகத்தில் 95 விழுக்காட்டை அது எட்டுவதற்கே 60 மீட்டருக்கு மேல் விழ வேண்டும். 2.7 கிராம் நிறையுள்ள மேசைப்பந்துக்குக்கூட ஏறத்தாழ 9 மீட்டர் தேவைப்படும். அறைக்குள் விழும் பந்து தன் பயணம் முழுவதையும் முடுக்கத்திலேயே கழித்துவிடுகிறது. அதில் முற்றுத் திசைவேகத்தைத் தேடுவது வீண்.

மாறாக, விரித்த தாள் ஒன்றை விட்டால் அது விரைவிலேயே தன் எல்லை வேகத்தை அடைந்துவிடும். ஆனால் அது ஊசலாடும், பக்கவாட்டில் வழுக்கும், சில நேரம் குட்டிக்கரணமும் அடிக்கும். காற்றை எதிர்கொள்ளும் பரப்பு கணத்துக்குக் கணம் மாறுவதால் அளப்பதற்கு அங்கே நிலையான எதுவும் இல்லை. கசக்கிய தாளையும் விரித்த தாளையும் ஒப்பிடும் பழைய வகுப்பறைச் சோதனை காற்றுத்தடை என்று ஒன்று இருக்கிறது என்பதைக் காட்டுமே தவிர, அதன் விதியைக் காட்டாது. கூர்முனை கீழாக விழும் கூம்போ சாய்ந்தாலும் தானே நிமிர்ந்துகொள்ளும். அரை மீட்டருக்குள்ளாகவே பெரும்பாலும் நிலையான வேகத்துக்கு வந்துவிடும்.

கூம்பைச் செய்யும் முறை

சதுர மீட்டருக்கு 80 கிராம் என்று கட்டின் மேல் அச்சிடப்பட்டிருக்கும் சாதாரண ஏ4 தாளை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த எண் நமக்குப் பெரிய உதவி: துல்லியமான தராசு இல்லாமலேயே, வெட்டிய பரப்பை வைத்து நிறையைக் கணக்கிட்டுவிடலாம். ஒரு முழுத் தாள் 5 கிராம் இருக்கும். சமையலறைத் தராசு வைத்திருப்பவர்கள் ஒரு கூம்பைத் தனியே நிறுத்துப் பார்ப்பதைவிட, 20 தாள்களை ஒன்றாக நிறுத்து 20-ஆல் வகுப்பது நல்லது. ஒரு கிராம் வரை மட்டுமே காட்டும் தராசில் ஒற்றைக் கூம்பின் நிறைக்குப் பொருளே இல்லை.

கவராயத்தால் 8 செ.மீ ஆரமுள்ள வட்டம் வரைந்து வெட்டுங்கள். மையத்திலிருந்து செங்கோண அளவுள்ள ஒரு கால்வட்டத் துண்டைக் குறித்து, அதையும் வெட்டி நீக்கிவிடுங்கள். எஞ்சிய முக்கால் வட்டத்தின் இரு நேர் விளிம்புகளையும் ஒன்றோடொன்று தொடும்படி கொண்டுவந்து, மெல்லிய ஒட்டுநாடாவின் இரண்டு சிறு துண்டுகளால் இணைத்தால் கூம்பு தயார். கால்வட்டத்தை வெட்டாமல் ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து ஒட்டுவது எளிதாகத் தோன்றும். ஆனால் அப்படிச் செய்தால் ஒரு பக்கம் தாள் இரட்டைத் தடிப்பாகிக் கூம்பு சாய்ந்து விழும். நான் செய்த முதல் பத்துக் கூம்புகள் இப்படித்தான் சுவரைத் தேடிப் போயின.

இந்தக் கூம்பின் நிறை ஏறத்தாழ 1.2 கிராம். வாயின் ஆரம் 6 செ.மீ, ஏனெனில் முக்கால் வட்டத்தின் சுற்றளவே வாயின் சுற்றளவாகிறது. குறுக்குப் பரப்பு 113 சதுர செ.மீ. எல்லாக் கூம்புகளையும் ஒரே கட்டிலுள்ள தாளில், ஒரே வார்ப்புருவை வைத்து, ஒரே அளவு ஒட்டுநாடாவுடன் செய்யுங்கள். 8 செ.மீ ஆரத்தில் குறைந்தது ஆறும், அளவை ஒப்பிடுவதற்காக 5 செ.மீ, 10 செ.மீ ஆரங்களில் ஒவ்வொன்றும் வேண்டும். 10 செ.மீ ஆரம் ஏ4 தாளின் 21 செ.மீ அகலத்துக்குள் நெருக்கி அடங்கிவிடும்.

இடமும் விடும் விதமும்

மின்விசிறி, குளிரூட்டி இரண்டையும் நிறுத்தி, சன்னல்களை அடைத்து, இரண்டு மூன்று நிமிடங்கள் காத்திருங்கள். நொடிக்கு ஒன்றரை மீட்டரில் இறங்கும் பொருளுக்கு நொடிக்கு 10 செ.மீ வேகத்தில் எழும் காற்றோட்டம்கூட 7 விழுக்காட்டுப் பிழையைத் தரும். வெயில் படும் சுவரின் ஓரத்தையும் சூடான கருவிகளின் அருகையும் தவிர்க்க வேண்டும், அங்கே காற்று எப்போதும் மெல்ல மேலெழுந்து கொண்டே இருக்கும். உயரம் குறைந்தது 2.5 மீட்டராவது தேவை. படிக்கட்டின் நடுவெளி கிடைத்தால் மிகவும் நல்லது. ஏணியின் மேல் நின்று விடுவதானால் அதைப் பிடித்துக்கொள்ள ஒருவர் இருக்கட்டும். மேலே நிற்பவரின் கவனம் கூம்பின் மேலேயே இருக்கும்.

கூம்பின் வாய்விளிம்பை எதிரெதிரான இரண்டு இடங்களில் விரல்நுனியால் மெல்லப் பிடித்து, இரு கைகளையும் ஒரே கணத்தில் பக்கவாட்டில் விலக்குங்கள். அழுத்திப் பிடித்தால் வாய் நீள்வட்டமாகிவிடும். ஒரு கை பிந்தினால் கூம்பு சாயும். சாய்ந்தோ சுழன்றோ சுவரை உரசியோ விழுந்த முறைகளைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். ஆனால் எதை நீக்குவது என்பதை அளவீட்டைப் பார்ப்பதற்கு முன்பே, விழுந்த விதத்தை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டும். எண் பிடிக்கவில்லை என்பதற்காக ஒரு முறையை நீக்குவது அளவீடு ஆகாது.

வேகத்தை அளத்தல்

கைப்பேசியின் காணொளிதான் சிறந்த வழி. சாதாரணப் பதிவில் நொடிக்கு 30 சட்டங்கள், அதாவது தனித்தனிப் படங்கள், விழும்; நொடிக்கு 1.4 மீட்டர் வேகத்தில் இறங்கும் கூம்பு ஒரு சட்டத்திற்கும் அடுத்ததற்கும் இடையே 4.7 செ.மீ நகர்ந்துவிடும். மெதுவியக்கப் பதிவில் நொடிக்கு 240 சட்டங்கள் கிடைத்தால் அந்த இடைவெளி 6 மில்லிமீட்டருக்குள் சுருங்கும். பதிவைச் சட்டம் சட்டமாக நகர்த்திப் பார்க்க எந்தக் காணொளி இயக்கியும் போதும். ட்ராக்கர் என்ற இலவச மென்பொருளில் பொருளின் இடத்தைச் சட்டந்தோறும் குறித்து வரைபடமும் பெறலாம்.

இங்கே பெரும்பாலோர் தவறும் இடம் ஒன்றுண்டு. அளவு நாடாவைச் சுவரில் ஒட்டிவிட்டு, சுவரிலிருந்து அரை மீட்டர் முன்னால் கூம்பை விடுவார்கள். கேமரா சுவரிலிருந்து 3 மீட்டர் தள்ளி இருந்தால், கூம்பு உண்மையில் 1 மீட்டர் இறங்கும்போது நாடாவில் 1.2 மீட்டர் இறங்கியதாகத் தெரியும். வேகத்தில் 20 விழுக்காடு மிகை; வர்க்கமாக்கும்போது அது 44 விழுக்காடாக வீங்கிவிடும். நாடாவைக் கூம்பு விழும் அதே தளத்தில், கூம்புக்குச் சற்றுப் பக்கவாட்டில் தொங்கவிடுங்கள். கேமராவை எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி, விழும் பாதையின் நடு உயரத்தில், அசையாமல் நிறுத்துங்கள்.

அளக்க வேண்டியது பாதையின் பிற்பகுதியை மட்டுமே. முற்றுத் திசைவேகத்தின் 99 விழுக்காட்டை எட்டும் தொலைவுக்கு ஓர் எளிய மனக்கணக்கு உண்டு: அந்த வேகத்தை வர்க்கமாக்கி 5-ஆல் வகுத்தால் தொலைவு மீட்டரில் வந்துவிடும். நொடிக்கு 1.4 மீட்டர் என்றால் 0.4 மீட்டர், 2 மீட்டர் என்றால் 0.8 மீட்டர், 2.8 மீட்டர் என்றால் ஏறத்தாழ 1.6 மீட்டர். இந்தக் கணக்கில் ஒரு குறை இருக்கிறது: மிக இலேசான கூம்பு தன்னோடு சிறிது காற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு புறப்படுவதால், அதன் முடுக்கம் நாம் எண்ணுவதைவிடக் குறைவாக இருக்கும். ஆகவே ஒற்றைக் கூம்புக்குக் கணக்கில் வந்ததைவிட ஒன்றரை மடங்கு தொலைவை விட்டுவிடுங்கள். முற்றுத் திசைவேகத்தின் மதிப்பை இது பாதிப்பதில்லை. அதை அடைய ஆகும் நேரத்தை மட்டுமே நீட்டுகிறது.

நிறுத்துக் கடிகாரம் மட்டுமே கையில் உள்ளவர்கள் மொத்த நேரத்தைத்தான் அளக்க முடியும். அவர்கள் உயரத்தை நேரத்தால் வகுத்து நிறுத்திக்கொண்டால் சராசரி வேகம்தான் கிடைக்கும், அது எப்போதும் குறைவாகவே இருக்கும். இதைத் திருத்த வழி இருக்கிறது. வர்க்க விதிப்படி, தொடக்க முடுக்கத்தினால் இழக்கும் நேரம் முற்றுத் திசைவேகத்தை 0.07-ஆல் பெருக்கினால் வரும் நொடிகள். 2.5 மீட்டர் உயரத்திலிருந்து ஒற்றைக் கூம்பு 1.88 நொடியில் விழுந்ததாகக் கொள்வோம். வகுத்தால் 1.33. அதை 0.07-ஆல் பெருக்கினால் 0.093, இதை 1.88-லிருந்து கழித்து மறுபடி வகுத்தால் 1.40. இன்னொரு சுற்றுப் போட்டாலும் எண் அசையாது. அதே உயரத்திலிருந்து நான்கு கூம்புகளின் அடுக்கு 1.09 நொடியில் விழுந்தால் வெறும் வகுத்தல் தருவது 2.3, திருத்தத்தை நான்கு முறை திரும்பச் செய்தால் அது 2.8-இல் போய் நிற்கும். திருத்தாதவர்கள் நான்கு மடங்கு எடைக்கு வேகம் 1.73 மடங்குதான் ஆனது என்று எழுதி, வர்க்க விதி பொய் என்று முடிவுகட்டுவார்கள். விதியில் கோளாறில்லை, முடுக்கத்தில் கழிந்த நேரத்தைக் கணக்கில் சேர்க்காததுதான் கோளாறு.

கடிகாரத்தை அழுத்தும் கையின் தாமதம் ஒருவருக்கு 0.2 நொடி அளவில் இருக்கும். விடுபவரே கடிகாரத்தையும் இயக்கினால் தொடக்கத் தாமதம் வெகுவாகக் குறையும். ஒவ்வொரு அமைப்பையும் பத்து முறை விட்டுச் சராசரி எடுங்கள்.

சோதனைகள்

முதலில் அளவு ஒப்பீடு. 5 செ.மீ ஆரத் தாளில் செய்ததையும் 10 செ.மீ ஆரத் தாளில் செய்ததையும் கூர்முனைகள் ஒரே மட்டத்தில் இருக்குமாறு பிடித்து ஒன்றாக விடுங்கள். சிறிய கூம்பில் ஒட்டுநாடாவின் பங்கு விகிதத்தில் கூடுதல் என்பதால் அது ஒரு மயிரிழை முந்தக்கூடும். நாடாவின் அளவையும் தாளுக்கு ஏற்பக் குறைத்தால் அந்த வேறுபாடும் மறையும். பார்ப்பவர்களைத் தம் எதிர்பார்ப்பை முதலில் எழுதி வைக்கச் சொல்லிவிட்டு விட்டுக் காட்டுவது என் வழக்கம்.

அடுத்தது அடுக்குச் சோதனை. இந்த வழிகாட்டியின் முதுகெலும்பு அதுதான். 8 செ.மீ ஆரக் கூம்புகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி அடுக்கினால், பரப்பும் வடிவமும் ஏறத்தாழ மாறாமல் நிறை மட்டும் இரண்டு, மூன்று, நான்கு மடங்காகிறது. இப்படி ஒரே ஒரு காரணியைத் தனியே பிரித்து மாற்றும் வாய்ப்பு இயற்பியல் சோதனைகளில் அவ்வளவு எளிதில் அமைவதில்லை. இழுவிசை வேகத்திற்கு நேர்விகிதம் என்றால் இரண்டு கூம்புகள் இரண்டு மடங்கு வேகத்தில் விழ வேண்டும். வேகத்தின் வர்க்கத்திற்கு நேர்விகிதம் என்றால் 1.41 மடங்கு வேகத்திலும், மூன்று கூம்புகள் 1.73 மடங்கிலும், நான்கு கூம்புகள் 2 மடங்கிலும் விழ வேண்டும். ஒற்றைக் கூம்புக்கு நொடிக்கு 1.4 மீட்டர் அளவில் வந்தால், மற்றவற்றுக்கு 2.0, 2.4, 2.8 என்ற எண்களை எதிர்பார்க்கலாம்.

வரைபடத்தில் கிடைமட்ட அச்சில் கூம்புகளின் எண்ணிக்கையையும் செங்குத்து அச்சில் வேகத்தின் வர்க்கத்தையும் குறியுங்கள். புள்ளிகள் தொடக்கப்புள்ளி வழியாகச் செல்லும் நேர்கோட்டில் அமைந்தால் வர்க்க விதி உங்கள் கூம்புகளுக்குப் பொருந்துகிறது. ஐந்து, ஆறு கூம்புகளில் புள்ளிகள் கோட்டுக்குக் கீழே சரியத் தொடங்கினால், விதியைச் சந்தேகிக்கும் முன் உயரத்தைச் சந்தேகியுங்கள். அவை முற்றுத் திசைவேகத்தை அடையும் முன்பே தரையைத் தொட்டிருக்கும்.

கடிகாரமே இல்லாமலும் இதைக் காட்டலாம். ஒற்றைக் கூம்பை 1.4 மீட்டர் உயரத்திலும் நான்கு கூம்பு அடுக்கை அதைப் போல இரண்டு மடங்கு உயரத்திலும் பிடித்து ஒரே நேரத்தில் விட்டால், இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகத் தரையிறங்கும். ஏறத்தாழ என்று சொல்வதற்குக் காரணம் உண்டு: வேகமான அடுக்குக்கு முடுக்கக் கட்டம் நீளமானது, ஆகவே அது பத்தில் ஒரு நொடியை ஒட்டிப் பிந்தும். அடுக்கின் உயரத்தை 2.8 மீட்டரிலிருந்து 20 முதல் 30 செ.மீ குறைத்துப் பார்த்தால் இரு ஓசைகளும் ஒன்றாகக் கேட்கும். எவ்வளவு குறைத்தால் ஒன்றுகின்றன என்பதையும் குறித்து வையுங்கள், முடுக்கக் கட்டத்தில் இழந்த நேரத்தின் நேரடி அளவு அது.

இழுவைக் குணகத்தைக் கணித்தல்

கூம்பின் சூத்திரம் இன்னும் எளிதாகிறது. எஞ்சிய தாள் முழு வட்டத்தில் எத்தனை பங்கு என்பதைப் பங்கு என்று அழைப்போம். நம் கூம்புக்கு அது 0.75. நிறை அந்தப் பங்கிற்கும், குறுக்குப் பரப்பு அந்தப் பங்கின் வர்க்கத்திற்கும் ஏற்ப அமைவதால், வெட்டிய ஆரம் முற்றிலும் கழன்றுபோய், நிறைக்கும் பரப்புக்கும் உள்ள ஈவு தாளின் சதுர மீட்டர் நிறையைப் பங்கால் வகுத்ததாக மட்டும் மிஞ்சுகிறது: 0.08 ÷ 0.75, அதாவது சதுர மீட்டருக்கு 0.107 கிலோகிராம். காற்றின் அடர்த்தி 20 டிகிரி செல்சியசில் கடல்மட்டத்தில் கன மீட்டருக்கு 1.2 கிலோகிராம், 30 டிகிரியில் 1.16-ஐ ஒட்டி இருக்கும்.

எடுத்துக்காட்டாக, 20 டிகிரியில் ஒற்றைக் கூம்பின் வேகம் நொடிக்கு 1.4 மீட்டர் என்று வந்தால், 2 × 0.107 × 9.8 என்பதை 1.2 × 1.96 என்பதால் வகுக்க வேண்டும். இழுவைக் குணகம் ஏறத்தாழ 0.9. வழுவழுப்பான கோளத்துக்கு இந்த எண் 0.47 என்றும், காற்றுக்கு நேராக நிற்கும் தட்டையான வட்டத்தகட்டுக்கு 1.1 முதல் 1.2 வரை என்றும் பாடநூல்களில் காணலாம். அகன்ற கூம்பு இவ்விரண்டிற்கும் இடையே, தட்டுக்கு நெருக்கமாக வருவது இயல்புதான். வேகத்தில் 3 விழுக்காட்டுப் பிழை இருந்தால் குணகத்தில் 6 விழுக்காட்டுப் பிழை இருக்கும் என்பதை மறவாமல், 0.893 என்பது போன்ற எண்களை எழுதுவதைத் தவிர்த்துவிடுங்கள்.

இப்போது அரைவட்டத்தில் ஒரு கூம்பு செய்து பாருங்கள். அதன் பங்கு 0.5, முனைக்கோணம் 60 டிகிரி. நிறைக்கும் பரப்புக்கும் உள்ள ஈவு 0.16 ஆகக் கூடுவதால் மட்டுமே வேகம் 1.22 மடங்காக வேண்டும். அளந்து பார்த்தால் அதைவிடக் கூடுதலாகவே இருக்கும். அந்த மிச்சம்தான் கூர்மையான வடிவத்தால் இழுவைக் குணகம் குறைந்ததன் அளவு. எடை, பரப்பு, வடிவம் ஆகிய மூன்றையும் இப்படி ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்துவிட முடிகிறது. பங்கை 0.875-க்கு மேல் கொண்டுபோனால் கூம்பு மிகவும் தட்டையாகித் தள்ளாடத் தொடங்கும்.

உயரமான கட்டடத்தை இதற்குப் பயன்படுத்திய பழைய அளவீடுகளும் உண்டு. 1710-இல் லண்டனின் புனித பவுல் பேராலயத்தின் உள்ளே, ஏறத்தாழ 67 மீட்டர் உயரத்திலிருந்து, பாதரசம் நிரப்பிய சிறு கண்ணாடிக் கோளங்களையும் காற்று மட்டுமே அடைத்த பெரிய கண்ணாடிக் கோளங்களையும் விழச்செய்து நேரம் பார்த்ததை நியூட்டன் தம் நூலில் பதிந்திருக்கிறார். முந்தியவை 4 நொடி அளவிலும் பிந்தியவை 8 நொடிக்குச் சற்று மேலும் எடுத்துக்கொண்டன. காற்றே இல்லாவிட்டால் எல்லாமே 3.7 நொடியில் விழுந்திருக்கும். 1719-இல் தெசகுலியே என்ற ஆய்வாளர் அதே பேராலயத்தில் இன்னும் உயரத்திலிருந்து ஊதிய பன்றிச் சிறுநீர்ப்பைகளை விட்டபோது, அவை தரையிறங்க ஏறத்தாழ 20 நொடிகள் ஆயின. நம் கூம்பின் முன்னோடி அந்தப் பைகள்தான்: இலேசானவை, அகலமானவை, விரைவில் நிலையான வேகத்துக்கு வந்துவிடுபவை. காற்றே இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதை 1971-இல் அப்பல்லோ 15 பயணத்தின்போது விண்வெளி வீரர் டேவிட் ஸ்காட் நிலவில் ஒரு சுத்தியலையும் ஒரு வல்லூறின் இறகையும் ஒன்றாக விட்டுக் காட்டினார். இரண்டும் ஒன்றாகவே விழுந்தன.

விதி மாறும் இடங்கள்

சூத்திரத்தில் அடர்த்தி கீழே இருப்பதால், காற்று மெலிந்த உயரங்களில் முற்றுத் திசைவேகம் கூடும். குப்புற விழும் வான்குதிப்பாளர் தாழ்ந்த உயரத்தில் மணிக்கு ஏறத்தாழ 200 கி.மீ வேகத்தில் நிலைகொள்வார். 30 கி.மீ உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதைப் போல 1.5 விழுக்காடு மட்டுமே. 2012 அக்டோபர் 14 அன்று 39 கி.மீ உயரத்திலிருந்து குதித்த பெலிக்ஸ் பாம்கார்ட்னர் மணிக்கு 1,357 கி.மீ வேகத்தை எட்டியதற்கும், பிறகு கீழே வர வர, எதையும் விரிக்காமலேயே, அவருடைய வேகம் குறைந்துகொண்டே வந்ததற்கும் காரணம் இதுவே. முற்றுத் திசைவேகம் பொருளுக்கு மட்டும் உரிய எண் இல்லை, அது விழும் காற்றுக்கும் உரியது.

மிகச் சிறிய பொருள்களுக்கு விதியின் வடிவமே மாறிவிடுகிறது. 2 மி.மீ விட்டமுள்ள மழைத்துளி நொடிக்கு ஏறத்தாழ 6.5 மீட்டர் வேகத்தில் விழுகிறது. அதில் நூறில் ஒரு பங்கு விட்டமுள்ள முகில்துளி நொடிக்கு 1.2 சென்டிமீட்டர் மட்டுமே இறங்குகிறது. மேகங்கள் மிதப்பதாகத் தோன்றுவது அதனால்தான். அந்த அளவில் காற்றின் நிலைமத்தைவிட அதன் பாகுநிலையே (ஓட்டத்தை எதிர்க்கும் பிசுபிசுப்பே) மேலோங்குவதால், 1851-இல் ஸ்டோக்ஸ் வகுத்த விதிப்படி இழுவிசை வேகத்திற்கு நேர்விகிதமாகவும், முற்றுத் திசைவேகம் ஆரத்தின் வர்க்கத்திற்கு நேர்விகிதமாகவும் அமைகிறது. எந்த விதி எங்கே பொருந்தும் என்பதைச் சொல்வது ரெனால்ட்ஸ் எண்: வேகம், விட்டம், பாய்மத்தின் அடர்த்தி மூன்றையும் பெருக்கிப் பாகுநிலையால் வகுத்தால் வருவது. நம் கூம்புக்கு அது 11,000 அளவில் இருக்கிறது, முகில்துளிக்கு ஒன்றைவிட மிகக் குறைவு.

ஸ்டோக்ஸ் விதியைக் காற்றில் சோதிக்க நுண்ணோக்கி தேவை. கிளிசரினில் சோதிக்க உயரமான கண்ணாடிக் குவளை போதும். 2 மி.மீ விட்டமுள்ள எஃகுக் குண்டு 20 டிகிரியில் தூய கிளிசரினுக்குள் நொடிக்கு 1 சென்டிமீட்டர் அளவில் இறங்கும், 4 மி.மீ குண்டு அதைப் போல நான்கு மடங்கு வேகத்தில் இறங்க வேண்டும். தாள் கூம்பில் அளவை இரட்டித்தபோது வேகம் அசையவில்லை என்பதையும், இங்கே நான்கு மடங்காவதையும் பக்கம் பக்கமாக எழுதிப் பாருங்கள். குவளையின் சுவர்கள் நெருக்கமாக இருந்தால் அவையும் குண்டைத் தாமதப்படுத்தும், பெரிய குண்டைக் கூடுதலாகவே; ஆகவே குவளை 10 செ.மீ அகலமாவது இருக்கட்டும், குண்டை நடுவில் விடுங்கள். கிளிசரினின் வெப்பநிலையை ஒவ்வொரு அளவீட்டின் பக்கத்திலும் குறிக்க வேண்டும்: 20 டிகிரியிலிருந்து 30 டிகிரிக்கு ஏறினால் அதன் பாகுநிலை பாதிக்கும் கீழே போய்விடும், காலையில் எடுத்த எண்ணும் பிற்பகலில் எடுத்த எண்ணும் அதன் பிறகு ஒரே வரைபடத்தில் சேராது.